அந்த நான்கு பைட் எங்கே விழுந்தது? எபேனிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2022-இல் தீபாவளி அக்டோபர் 24, திங்கட்கிழமை. மொரிசியஸில் அன்று அரசு விடுமுறை. மறுநாள் எபேன் சைபர் சிட்டியில் எங்கள் அலுவலகத்தில் வேலை பாதி, பலகாரம் பாதி. சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவுக்குள் தேங்காய்ப் பூரணம் வைத்துப் பொரிக்கும் காத்தோ பதாத், மேசைக்கு மேசை டப்பாவில் இருந்தது. நான் திருநெல்வேலிக்காரன். அதிரசத்துக்குப் பக்கத்தில் வேறெதையும் வைத்துப் பேசமாட்டேன். ஆனாலும் மூன்று தின்றிருப்பேன்.

அந்த நாள் முடிவதற்குள் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியின் திட்டத்தாரிடமிருந்து அறிவிப்பு வந்தது. லைப்ரரி என்றால் மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல். சில வரிகள்தான். 3.0.7 பதிப்பு நவம்பர் 1, செவ்வாய்க்கிழமை, கிரீன்விச் நேரப்படி 13:00-லிருந்து 17:00 மணிக்குள் வெளியாகும். அதில் பாதுகாப்புத் திருத்தம் இருக்கும். அதன் கடுமை ‘கிரிட்டிகல்’. என்ன ஓட்டை, எந்தக் கோப்பில், எப்படித் தாக்கலாம் என்று ஒரு சொல்லும் இல்லை.

இணையத்தில் பூட்டுக் குறியோடு நடக்கும் பேச்சில் பெரும்பங்கு இந்த லைப்ரரி வழியாகப் போகிறது. அதைப் பராமரிப்பவர்கள் கடுமைக்கு நான்கு படி வைத்திருக்கிறார்கள். உச்சிப்படிதான் கிரிட்டிகல். அந்தப் படிவரிசையே 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற பெரிய ஓட்டை இதே லைப்ரரியில் வந்து போன பிறகு வகுத்தது. அதற்கப்புறம் எட்டு வருடத்தில் ஒரே ஒரு குறைதான் அந்தப் படியில் ஏறியிருந்தது: 2016 செப்டம்பரில் 1.1.0ஏ பதிப்பில் வந்தது. அதுவும் வேறொரு குறையைச் சரிசெய்யப் போய் உண்டான குறை. நான்கு நாளில் 1.1.0பி வெளியிட்டு மூடினார்கள். ஆக இது இரண்டாவது.

எங்கள் அணியில் அப்போது மூன்று பேர். நான், நெட்வொர்க் பார்க்கும் அக்கா ஒருவர், இங்கேயே ரோஸ் ஹில்லில் பிறந்து வளர்ந்த தமிழ்த் தம்பி ஒருவன். அவன் வீட்டில் பேசுவது கிரியோல். தமிழைப் பள்ளியிலும், அப்புறம் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்திலும் படித்தான். அதனால் அவன் பேச்சு என்னுடையதைவிடச் சுத்தம். “அண்ணா, இது எவ்வளவு ஆபத்தானது?” என்று பாடப்புத்தகத் தமிழில் கேட்டான். “தெரியலைப்பா” என்றேன். அதற்கு மேல் அன்று எனக்கு எதுவும் தெரியாது.

நாள்காட்டியைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. கிரீன்விச் 13:00 முதல் 17:00 என்றால் நமக்கு மாலை 5 முதல் இரவு 9. எங்கள் முக்கிய வாடிக்கையாளர் பிரான்ஸில் இருந்தார். நவம்பர் 1 அவர்களுக்கு அனைத்துப் புனிதர்கள் நாள். ஊரே கல்லறைத் தோட்டத்தில் இருக்கும். நவம்பர் 2 நமக்கு விடுமுறை, ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய நாள். 1834-இல் அதே தேதியில்தான் அட்லஸ் கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 பேரோடு போர்ட் லூயிக்கு வந்தது. அனுமதி தர வேண்டியவர்களுக்கு முதல் நாள் லீவு, வேலை செய்ய வேண்டியவர்களுக்கு மறுநாள் லீவு. நடுவில் ஒரு ராத்திரி.

ஒரு வாரம் முன்கூட்டியே விவரமில்லாமல் எச்சரித்தது சரியா என்று அப்போதும் பிறகும் நிறையச் சண்டை நடந்தது. வெளிநாட்டில் சிலர் அதற்கு ஹாலோவீன் பேய்ப்பெயர் வைத்துச் சின்னமும் வரைந்துவிட்டார்கள். ஃபெடோரா என்ற லினக்ஸ் இயங்குதளக்காரர்கள் 37-ஆம் பதிப்பு வெளியீட்டையே நவம்பர் 15-க்குத் தள்ளிவைத்தார்கள். இந்தத் தீவில் இருப்பவர்களுக்கு இந்த விவாதம் புதிதில்லை. இங்கே புயலுக்கு நான்கு வகுப்பு எச்சரிக்கை உண்டு. மூன்றாம் வகுப்பு போட்டு, கடையெல்லாம் அடைத்து, கடைசியில் புயல் கடலோடு திரும்பிப் போய்விட்டால், வானிலை அலுவலகத்தைத் திட்டுவதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கும். நான் திட்டும் கட்சி இல்லை. அந்த ஒரு வாரம் கிடைத்திருக்காவிட்டால் நாங்கள் மாட்டியிருப்போம். எதில் மாட்டியிருப்போம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

குறை இருந்த இடம்

செவ்வாய் மாலை விவரம் வெளியானபோது எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. குறை இருந்தது குறியாக்கக் கணக்கில் இல்லை. ஆர்எஸ்ஏ, ஏஇஎஸ், நீள்வட்ட வளைவு எதிலும் இல்லை. பியூனிகோட் என்ற எழுத்துப் பெயர்ப்பு நிரலில் இருந்தது. அதாவது, நம் எழுத்துக்காகப் போட்ட வாசலில்.

இணையத்தின் பெயர் அமைப்பு ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு இவற்றை மட்டும் நம்பிக் கட்டியது. தமிழிலோ அரபியிலோ ஒரு தளப்பெயர் வேண்டுமென்றால் அதை இந்தச் சின்ன எழுத்துக் கூட்டத்துக்குள் மடித்து அடக்க வேண்டும். அந்த மடிப்பு முறைதான் பியூனிகோட். ஆடம் காஸ்டெல்லோ வகுத்தது. 2003-இல் ஆர்எஃப்சி 3492 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வந்தது. ‘இலங்கை’ என்ற மேல்நிலைப் பெயர் இயந்திரத்துக்கு எக்ஸ், என், இரண்டு சிறுகோடு, அப்புறம் எக்ஸ்-கே-சி-2-ஏ-எல்-3-ஹெச்-ஒய்-இ-2-ஏ என்று போகும். பார்க்க அழகாக இல்லை. ஆனால் விரித்தால் ஒரு புள்ளி குறையாமல் இலங்கை திரும்ப வரும்.

தம்பிக்கு இதை விளக்கியபோது அவன் தன் குடும்பப் பெயரைக் காட்டினான். கப்பலில் வந்த முப்பாட்டனார் பெயர் சொல்ல, எழுத்தர் காதில் விழுந்ததைப் பிரெஞ்சு வழக்கில் எழுதிக்கொண்டார். சின்னத்தம்பி ‘சின்னதம்பூ’ ஆன கதை இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. “அதுவும் பியூனிகோட் தானா, அண்ணா?” என்றான். இல்லையப்பா, பியூனிகோடை மறுபடி விரிக்கலாம் என்றேன். எழுத்துக்கு இடம் கேட்டு வாங்கிய ஊர் இது. இந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு. 1998-இல் புது நோட்டில் வரிசை மாற்றித் தமிழை இந்திக்குக் கீழே அச்சடித்ததற்குத் தமிழர்கள் கிளம்பிய கிளம்பலில், அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

சரி, லைப்ரரிக்கு வருவோம். ஒரு தளம் தான் யாரென்று காட்டும் சான்றிதழில் தளப்பெயர் மட்டுமில்லாமல் மின்னஞ்சல் முகவரியும் இருக்கலாம். அந்த முகவரி தமிழிலோ சீனத்திலோ இருந்தால் அதை எப்படி எழுதுவது என்று 2018-இல் ஆர்எஃப்சி 8398 சொன்னது. இன்னொரு பக்கம், சான்றிதழ் வழங்கும் இடைநிலை அமைப்புகளுக்கு ‘இந்தப் பெயர்களுக்குள் மட்டும்தான் நீ கையெழுத்துப் போடலாம்’ என்று வேலி போடும் வசதி உண்டு. வேலியில் பெயர் பியூனிகோடாக மடிந்து இருக்கும். முகவரியில் விரிந்து இருக்கும். இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால் மடிந்ததை விரிக்க வேண்டும். 2021 செப்டம்பர் 7-இல் வந்த 3.0.0 பதிப்பில் இதற்காகப் புதிதாக ஒரு நிரல் சேர்ந்தது. அதற்கு முந்தைய 1.1.1-இல் அந்த நிரலே கிடையாது. அதனால்தான் பழைய வண்டி தப்பியது, புது வண்டி மாட்டியது.

போலார் பேர் என்ற புனைபெயரில் ஒருவர் அக்டோபர் 17-இல் இதைக் கண்டு தெரிவித்தார். அதை ஆராயும்போது மறுநாளே விக்டர் துகோவ்னி பக்கத்தில் இன்னொரு குறையைப் பிடித்தார். திருத்தம் எழுதியவர் பால் டேல். பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் முதலாவதின் எண் சிவிஇ-2022-3602, இரண்டாவதின் எண் சிவிஇ-2022-3786.

ஏழு கறி இலை

முதல் குறையை விளக்க எனக்கு மொரிசியஸிலேயே நல்ல உதாரணம் கிடைத்தது. இங்கே தைப்பூசக் காவடி முடிந்ததும் கோயிலில் இலை போட்டு ஏழு கறி பரிமாறுவார்கள். ஊர் முழுக்க அதன் பெயரே ஏழு கறிதான். தமிழர் அல்லாதவர்களும் வரிசையில் நின்று சாப்பிட்டுப் போவார்கள்.

ஓர் இலையில் ஏழு கறிக்குத்தான் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுகிறவர் ஒவ்வொரு கறி வைக்கும் முன்பும் ‘இதுவரை எத்தனை வைத்தேன்?’ என்று எண்ணிப் பார்க்கிறார். அவருக்குச் சொல்லியனுப்பிய விதி: வைத்தது ஏழைத் தாண்டிவிட்டால் நிறுத்து. ஏழு வைத்தாயிற்று. ஏழு ஏழைத் தாண்டியதா? இல்லை. அப்படியானால் இன்னொரு கரண்டி. அந்த எட்டாவது கறி பக்கத்து இலையில் விழும். விதி ‘ஏழு ஆகிவிட்டால் நிறுத்து’ என்று இருந்திருக்க வேண்டும்.

ஓப்பன்எஸ்எஸ்எல்-இல் நடந்தது அட்சரம் பிசகாமல் இதுதான். விரித்த எழுத்துகளை வைக்க ஸ்டாக் என்ற தற்காலிக நினைவகப் பகுதியில் 512 இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஒவ்வோர் இடமும் நான்கு பைட், மொத்தம் 2048 பைட். உள்ளே இருந்த சோதனை ‘எழுதியது 512-ஐவிடப் பெரிதா?’ என்று கேட்டது. சரியாக 512 இருக்கும்போது ‘இல்லை’ என்று பதில் வரும், 513-ஆவது எழுத்து உள்ளே நுழையும், நான்கு பைட் வெளியே வழியும். அந்த நான்கும் தாக்குபவர் விருப்பப்படி அமைக்கக்கூடியவை. திருத்தம் என்னவென்றால், ‘பெரிது’ குறிக்குப் பக்கத்தில் ஒரு சமக்குறி. இரண்டாவது குறை நிரலின் அடுத்த கட்டத்தில் இருந்தது: அங்கே எத்தனை பைட் வேண்டுமானாலும் வழியவிடலாம், ஆனால் வழிவதெல்லாம் வெறும் புள்ளிகள், 46 என்ற ஒரே மதிப்பு. அதை வைத்து நிரலை விழத்தட்டலாம். அதற்குமேல் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

எனக்கு இதில் உறுத்தியது வேறு. தளப்பெயரில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள துண்டு 63 எழுத்தைத் தாண்டக் கூடாது என்பது ஆதிகாலத்து விதி. 63 வரும் இடத்துக்கு 512 ஒதுக்கியவர் தாராளமாகத்தான் ஒதுக்கினார். ஒழுங்கான எந்தப் பெயரும் அந்த ஓரத்துக்குப் பக்கத்தில்கூடப் போகாது. அதனால் ஓரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வாய்ப்பு யாருக்கும் இயல்பாக வரவில்லை. நிறைய இடம் விட்டுவிட்டோம் என்ற நிம்மதியில் ‘63-க்கு மேல் வந்தால் வெளியே போ’ என்ற ஒற்றை வரி விட்டுப்போனது. அந்த வரி இருந்திருந்தால் சமக்குறி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

இதே ஜாதிக் குறை அதற்கு முந்தைய ஆண்டு மொசில்லாவின் என்எஸ்எஸ் லைப்ரரியில் பிடிபட்டது. கூகுளின் டேவிஸ் ஆர்மண்டி கண்டது. கையெழுத்துக்காக 16384 பிட் அளவுக்கு ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். அதைவிடப் பெரிய கையெழுத்து வந்தால் அளவு பார்க்காமல் அப்படியே கொட்டிவிடும். 2012-லிருந்து அங்கேயே இருந்தது. இவ்வளவு பெரிய கையெழுத்து யார் போடப்போகிறார்கள்? தாக்குபவர் போடுவார், வேறு யார்.

எங்கே விழுகிறது

நவம்பர் 1-ஆம் தேதி அறிவிப்பில் கடுமை ஒரு படி இறங்கி ‘ஹை’ ஆகியிருந்தது. ‘அவ்வளவுதானா?’ என்று எங்கள் மேலாளர் கேட்டார். அவர் கேட்ட தொனியில் ஏமாற்றம் இருந்ததோ என்று எனக்கு இப்போதும் சந்தேகம். பீட்சா எல்லாம் வாங்கி வைத்திருந்தார்.

ஏன் இறக்கினார்கள் என்பதுதான் இந்த நிகழ்வில் எனக்குப் பிடித்த பகுதி. குறை மாறவில்லை. வழிவது அதே நான்கு பைட். அது எங்கே விழுகிறது என்பதை அந்த ஒரு வாரத்தில் பலர் பல மேடைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். சில லினக்ஸ் பகிர்வுகளில், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஸ்டாக்கை அடுக்கியிருந்த விதத்தில், பக்கத்தில் இருந்தது இன்னும் பயன்படுத்தத் தொடங்காத வேறொரு பஃபர், அதாவது தற்காலிகச் சேமிப்பிடம். ஏழு கறிக் கணக்கில் சொன்னால், எட்டாவது கறி விழுந்த பக்கத்து இலையில் இன்னும் ஆளே உட்காரவில்லை. அவர் வந்து உட்கார்ந்து தண்ணீர் தெளித்துத் துடைக்கும்போது சிந்தியது போய்விடும். நிரல் விழக்கூட இல்லை.

வேறு அமைப்புகளில் காவல் எண் பிடித்துக்கொண்டது. நிலக்கரிச் சுரங்கத்துக் குருவியின் பெயரால் அதைக் கேனரி என்பார்கள். பஃபருக்கும், திரும்பிப் போக வேண்டிய முகவரிக்கும் நடுவே யாருக்கும் தெரியாத ஓர் எண்ணை வைத்துவிடுவது. சார்பு முடியும்போது எண் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பது. மாறியிருந்தால் நிரல் அங்கேயே தன்னை முடித்துக்கொள்ளும். சேவை நின்றுபோகும், ஆனால் உள்ளே வந்தவன் கையில் சாவி போகாது.

ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல்-ஐ மூல நிரலாகக் கொடுக்கிறார்கள். யார் எந்தக் கம்பைலரில், எந்தச் சின்னக் கருவிக்காக, என்ன காவலை அணைத்துவிட்டுக் கட்டினார்கள் என்று கொடுத்தவர்களுக்குத் தெரியாது. ஆகவே முதலில் உச்சிப்படியில் வைத்தது நியாயம். சோதித்துப் பார்த்துவிட்டு ஒரு படி இறக்கியதும் நியாயம். கௌரவம் பார்த்து அப்படியே விட்டிருந்தால்தான் நான் கோபப்பட்டிருப்பேன்.

இன்னொரு ‘எங்கே’யும் உண்டு. சரிபார்ப்பு வரிசையில் இந்த நிரல் எங்கே வருகிறது? சான்றிதழ்ச் சங்கிலியின் கையெழுத்துகளைச் சோதித்து முடித்த பிறகுதான் வேலிச் சோதனை வரும். அதாவது, விஷச் சான்றிதழுக்கு நம்பகமான ஓர் அமைப்பு கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ‘வழங்கியவர் யாரென்றே தெரியவில்லை, பரவாயில்லை, மேலே பார்’ என்று ஏதாவது செயலி சொல்லியிருக்க வேண்டும். உலாவி போன்ற பக்கம் ஆபத்தில் இருக்க, தீய சர்வரோடு இணைய வேண்டும். சர்வர் பக்கம் ஆபத்தில் இருக்க, அந்தச் சர்வர் வருகிறவரிடம் சான்றிதழ் கேட்பதாக இருக்க வேண்டும். சாதாரண வலைத்தளம் எதுவும் கேட்பதில்லை.

எங்களிடம் கேட்கிற சர்வர் ஒன்று இருந்தது.

எங்கே இருக்கிறது

எல்லாரும் நான்கு பைட்டைப் பற்றிப் பேசினார்கள். எங்கள் வாரம் முழுக்கப் போனது அந்த லைப்ரரி எங்கள் வீட்டில் எந்த மூலையில் இருக்கிறது என்று தேடுவதில்தான்.

புதன்கிழமை காலை எடுத்த முதல் பட்டியல் ஆறுதலாக இருந்தது. பெரும்பாலான சர்வர்களில் ஓடியவை டெபியன் 11, உபுண்டு 20.04 என்ற லினக்ஸ் வகைகள். இரண்டிலும் 1.1.1 வரிசைதான். ஒரு பழைய சென்ட்ஓஎஸ் 7 இருந்தது, அதில் 1.0.2. அதை எப்போதோ ஓய்வு கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும் என்று வருடக்கணக்காகத் திட்டிக்கொண்டிருந்தோம். அந்த வாரம் மட்டும் யாரும் திட்டவில்லை. உபுண்டு 22.04 ஓடியவை நான்கு. அவற்றில் 3.0.2. பட்டியல் முடிந்தது, நான்கு இயந்திரம்தானே, அரை மணி நேர வேலை என்று நினைத்தேன்.

அக்காதான் கேட்டார்: “தம்பி, கன்டெய்னருக்குள்ள பார்த்தீங்களா?”

பார்க்கவில்லை. கன்டெய்னர் என்பது ஒரு செயலியை அதற்கு வேண்டியவற்றோடு சேர்த்துக் கட்டிய பெட்டி. இயங்குதளத்தின் தொகுப்பு நிரலைக் கேட்டால் அது தான் நிறுவியதைத்தான் சொல்லும். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் என்ற மென்பொருளின் 18-ஆம் பதிப்பு தன் வயிற்றுக்குள்ளேயே ஓப்பன்எஸ்எஸ்எல் 3-ஐச் சுமந்துகொண்டு வருகிறது. டெபியன் 11 கன்டெய்னருக்குள் நோட் 18 ஓடினால், வெளியே கேட்பவருக்கு 1.1.1 என்று பதில். நிஜத்தில் போய் வருகிற போக்குவரத்து 3-ஐத் தொட்டுப் போகும். நோடிடமே கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடும். ஆனால் கேட்க வேண்டும் என்று தோன்ற வேண்டும். பைத்தானில் கிரிப்டோகிராஃபி என்ற தொகுப்பும் அப்படித்தான். ஆயத்தமாக இறக்கும் கோப்புக்குள் லைப்ரரியைச் சேர்த்தே ஒட்டி அனுப்புகிறார்கள். நவம்பர் 1-ஆம் தேதியே அவர்கள் 38.0.3 வெளியிட்டு 3.0.7-க்கு மாறிவிட்டார்கள். அந்தச் சுறுசுறுப்புக்கு ஒரு கும்பிடு.

வெள்ளிக்கிழமை மாலை நிலவரம்: நான்கு என்று நினைத்தது பதினேழாகியிருந்தது. வாடிக்கையாளரின் கிளை அலுவலகங்கள் சான்றிதழ் காட்டி உள்ளே வரும் வாசல் சர்வரும் அதில் ஒன்று. முன்னே சொன்னேனே, கேட்கிற சர்வர், அதுதான். அது நோட் 18-இல் ஓடிக்கொண்டிருந்தது. ஜூலையில் மேம்படுத்தியவன் நானேதான். குறிப்பேட்டில் ‘நோட் மேம்பாடு, வேறு மாற்றம் இல்லை’ என்று என் கையாலேயே எழுதியிருந்தேன்.

அதோடு ஒரு சங்கதி. எங்கள் சொந்தச் சான்றிதழ்களை வழங்கும் இடைநிலை அமைப்பின் சாவி எங்களிடம் பூட்டி இருந்தது. அந்தச் சாவி இல்லாமல் வேலியில் விஷம் வைத்த சான்றிதழை எங்கள் வாசல் நம்பாது. ஆகவே பயம் குறைவு. ஆனால் சோதனைச் சூழலில் பிழை தேடுவதற்காக யாரோ ஒருவர் ‘வழங்கியவரைச் சரிபார்க்காதே’ என்று ஒரு செட்டிங்கைத் திறந்து வைத்திருந்தார். அது அப்படியே கிடந்தது. அதைச் சனிக்கிழமை தம்பி கண்டுபிடித்தான். “இது மூடப்பட வேண்டும், அண்ணா” என்று மட்டும் சொன்னான். யார் திறந்தது என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

செவ்வாய் இரவு

சொன்ன நேர இடைவெளிக்குள் 3.0.7 வந்துவிட்டது. உபுண்டுவின் திருத்திய தொகுப்பும் அன்றே வந்தது. நான்கு சர்வர்களும் சாப்பாட்டுக்கு முன் முடிந்தன.

முடிந்தன என்று நினைத்தது தப்பு. வட்டில் லைப்ரரியை மாற்றினால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் மாறாது. அது ஆரம்பத்தில் நினைவகத்தில் ஏற்றிக்கொண்ட பழைய பிரதியையே வைத்துக்கொண்டிருக்கும். வட்டில் அந்தக் கோப்பு அழிந்துபோயிருந்தாலும் சரி. திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிட்டு, ‘அழிக்கப்பட்டது’ என்று குறியிட்ட லைப்ரரியை எந்த நிரல் இன்னும் பிடித்திருக்கிறது என்று பார்த்தோம். இரண்டு சர்வரில் மூன்று சேவைகள். மறுதொடக்கம் செய்ய அனுமதி வேண்டும்; அனுமதி தருகிறவர் லியோனில் குடும்பத்தோடு கல்லறைக்குப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையே அவரிடம் ‘இந்த நேரத்துக்குள், இந்தச் சேவைகள், இவ்வளவு நிமிடம்’ என்று எழுதி வாங்கி வைத்திருந்தது அப்போது உதவியது. ஒரு வார முன்னறிவிப்பின் பயன் என்று நான் மேலே சொன்னது இதைத்தான். பதினேழையும் தேடிப்பிடித்ததையும் சேர்த்துத்தான்.

நோட் கன்டெய்னர்கள்தான் இழுத்தன. நோடின் திருத்திய வெளியீடு அன்றிரவு கைக்கு வரவில்லை. வாசல் சர்வருக்கு முன்னால் 1.1.1-இல் ஓடும் ஒரு இடைச் சர்வரை நிறுத்தி, சான்றிதழ் கேட்கும் வேலையை அதனிடம் கொடுத்தோம். பழையதைக் கொண்டு புதியதைக் காப்பாற்றினோம். அந்த யோசனை அக்காவுடையது. இரவு ஒன்றரைக்கு வாசல் திறந்து கிளை அலுவலகங்கள் உள்ளே வரத் தொடங்கின. பீட்சா ஆறிப்போயிருந்தது, மேலாளர் கொண்டுவந்திருந்த பச்சை மிளகாய்த் துவையலைத் தொட்டுக்கொண்டு தின்றோம். மொரிசியஸில் மிளகாய்த் துவையல் இல்லாமல் எதுவும் உள்ளே இறங்காது.

காலையில் தம்பி பாட்டியைக் கூட்டிக்கொண்டு ஒப்பந்தக் கூலிகள் கரையிறங்கிய ‘அப்பிரவாசி காட்’ படித்துறைக்குப் போனான். வருடா வருடம் போகிற வழக்கம். நான் மத்தியானம் வரை தூங்கினேன்.

பிறகு

பியூனிகோட் நிரலுக்கென்றே குப்பை உள்ளீட்டைக் கொட்டிச் சோதிக்கும் ஒரு ஃபஸ்ஸரை ஓப்பன்எஸ்எஸ்எல்காரர்கள் பின்னால் சேர்த்தார்கள். அதற்கு முன்பும் சான்றிதழைச் சோதிக்கும் ஃபஸ்ஸர்கள் இருந்தன. ஆனால் அவை கையெழுத்துச் சோதனை என்ற கதவைத் தாண்டி வேலிச் சோதனை வரை போவது அபூர்வம். குப்பையாகக் கொட்டும் சான்றிதழில் சரியான கையெழுத்து எப்படி இருக்கும்? உள்ளறையைச் சோதிக்க வேண்டுமென்றால் நேராக உள்ளறைக்கே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்.

2022-இல் 3.0 வரிசைக்குப் போதாத காலம். ஜூன் மாத 3.0.4-இல் இதைவிட மோசமான நினைவகச் சிதைவு ஒன்று இருந்தது. இன்டெலின் சில புதிய செயலிகளில் ஆர்எஸ்ஏ கணக்கை வேகப்படுத்தும் பகுதியில், ஒரு சார்பு ‘எத்தனை சொல்’ என்று எதிர்பார்த்த இடத்தில் ‘எத்தனை பிட்’ என்று கொடுத்துவிட்டார்கள். படி என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஆழாக்கு எண்ணிக்கையைச் சொன்ன மாதிரி. 2048 பிட் சாவி கொண்ட சர்வர்களில், கணக்குப் போடும்போதே ஹீப் நினைவகம் சிதைந்தது. ஜூலை 5-இல் 3.0.5 வந்து மூடியது. அதற்குக் கிரிட்டிகல் பெயரும் கிடைக்கவில்லை, பேய்ச் சின்னமும் கிடைக்கவில்லை. அக்டோபரில் வந்த 3.0.6-ஐ வேறொரு பிழையால் உடனே திரும்பப் பெற்றார்கள். எங்கள் சென்ட்ஓஎஸ் இதையெல்லாம் பார்த்துச் சிரித்திருக்கும்.

எங்கள் பக்கம் ஒன்று மாறியது. ஒவ்வொரு கன்டெய்னர் கட்டும்போதும் அதற்குள் என்னென்ன லைப்ரரி, எந்தப் பதிப்பு என்று ஒரு சரக்குப் பட்டியல் தானாக எழுதப்பட்டு ஓரிடத்தில் சேர்கிறது. அடுத்த அறிவிப்பு வந்தால் தேடுவது ஒரே ஒரு கேள்வி. ‘வேறு மாற்றம் இல்லை’ என்று குறிப்பேட்டில் எழுத எனக்கு இப்போது கை வருவதில்லை.

டிசம்பரில் வாடிக்கையாளரின் தணிக்கைக்காரர் ஸ்கேனர் ஓட்டி அறிக்கை அனுப்பினார். சிவப்பு எழுத்தில்: ‘நான்கு சர்வர்களில் ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0.2. ஆபத்து. 3.0.7-க்கு மாற்றவும்.’ உபுண்டுவில் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே தைப்பார்கள், பதிப்பெண் 3.0.2 என்றே நிற்கும், அதன் வாலில் உள்ள தொகுப்பு எண்தான் மாறும். ஸ்கேனர் வாலைப் பார்ப்பதில்லை. இதை எழுதி அனுப்பினோம். ஏற்கவில்லை. தொகுப்பின் மாற்றக் குறிப்பில் இரண்டு சிவிஇ எண்ணும் இருக்கும் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினோம். அதையும் ஏற்கவில்லை, ‘பதிப்பெண் 3.0.7 ஆகத் தெரிய வேண்டும்’ என்றார்.

கடைசியில் தம்பி திருத்தப்பட்ட நிரலின் அந்த ஒரு வரியை எடுத்து, ‘பெரிது’ குறிக்குப் பக்கத்தில் நிற்கும் சமக்குறியைச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினான். இரண்டு நாள் கழித்து அந்த வரி அறிக்கையிலிருந்து நீங்கியது.